மதுரைக் கால்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறும் உயிர்ப்படலக் கருத்தாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

மைசிடோமா என்று மருத்துவ உலகம் வழங்கும் நாட்பட்ட தோல் தொற்று, ‘மதுரைக் கால்’ என்னும் பெயரில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பதிவாயிற்று. அப்பெயர் எவ்வாறு தோன்றியது, நோயின் காரணம் பற்றிய வழக்கு ஏன் அரை நூற்றாண்டுக் காலம் நீண்டது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. நோய்ப்பெயர் மண்ணின் இயல்பால் அன்றி மருந்தகப் பதிவேட்டால் அமைந்தது என்பதும், காலிலிருந்து வெளிப்படும் ‘மணி’யை நுண்ணுயிர்களின் குடியிருப்பாகக் காணும் கருத்து அக்கால மருத்துவத்திடம் இல்லாமையே வழக்கு நீண்டதற்கு முதன்மையான காரணம் என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. அக்கருத்து பின்னர்க் கடலில் மூழ்கிய பரப்புகளைப் பற்றிய ஆய்விலிருந்து மருத்துவத்துக்கு வந்து சேர்ந்தது.

திறவுச் சொற்கள்: மைசிடோமா, மதுரைக் கால், உயிர்ப்படலம், காலனிய மருத்துவம், ஆக்டினோமைசீட்டுகள், மன்னார் வளைகுடா.

முன்னுரை

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள திருப்பரங்குன்றத்தில் மலையை வலம்வருவோர் இன்றும் செருப்பணியாமல் நடக்கின்றனர். மலையை அடுத்துத் தென்கால் கண்மாய், அதற்கப்பால் நிலையூர்க் கண்மாய், அவற்றின் நீரால் விளைந்த நன்செய், தெற்கே திருமங்கலத்தை நோக்கிச் செல்லச்செல்லக் கரிசல் என்று அமைந்த நிலப்பகுதி இது. உழவும் நடவும் களையெடுப்பும் ஆடுமேய்ப்பும் தலைமுறை தலைமுறையாக வெறுங்காலில் நடைபெற்றன. இந்நிலப்பகுதியின் தலைநகர் உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது கோயிலாலும் அன்று, சங்கத்தாலும் அன்று. முள் தைத்த ஒரு காலால்.

நோயின் போக்கு மெதுவானது. முள்ளோ கல்லோ கீறிய இடத்தின் வழியே மண்ணில் வாழும் நுண்ணுயிர் தோலுக்கடியில் புகுகிறது. சில மாதங்களில், சிலருக்குச் சில ஆண்டுகளில், வலியற்ற சிறு கட்டி தோன்றுகிறது. வலி இல்லாமையால் நோயாளி அதனைப் பொருட்படுத்துவதில்லை; இந்நோயின் கொடுமை பெரிதும் இவ்வலியின்மையிலேயே அடங்கியுள்ளது. கட்டி பருத்துப் பாதம் உருக்குலைகிறது. தோலில் பல துளைகள் திறக்கின்றன. அவற்றின் வழியே சீழோடு சிறு மணிகள் வெளிவருகின்றன. கறுப்பு, வெண்மை, மஞ்சள், சிவப்பு என்று அம்மணிகள் நிறம் வேறுபடும். இறுதியில் எலும்பும் அரிக்கப்படுகிறது. பருத்த கால், சீழ்வடியும் துளைகள், மணிகள் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதே இந்நோயின் அடையாளம்.

இம்மூன்றனுள் மணியே இக்கட்டுரையின் மையம். மணி என்பது தனித்து அலையும் ஒரு கிருமி அன்று. எண்ணற்ற நுண்ணுயிர் இழைகள் ஒன்றோடொன்று பின்னி, ஒருவகைப் பசைப்பொருளால் இறுகி அமைந்த திரள். பூஞ்சையால் உண்டாகும் மணியும் உண்டு. இழைவடிவப் பாக்டீரியாவால் உண்டாகும் மணியும் உண்டு. வேறுபட்ட இரு உயிரினப் பிரிவுகள் ஒரே தோற்றமுடைய நோயை உண்டாக்குகின்றன. 19ஆம் நூற்றாண்டின் குழப்பங்கள் பலவும் இங்குத் தொடங்கின.

புற்றும் பெருங்காலும்

இந்நோயின் தொன்மையை நிறுவ முனையும் மருத்துவ மதிப்பாய்வுகள் வழக்கமாக மூன்று சான்றுகளை அடுக்குகின்றன. முதலாவது, அதர்வ வேதத்தில் ‘பாதவன்மீகம்’ என்னும் பெயர் உள்ளது என்பது. இரண்டாவது, 1694இல் லைடன் பல்கலைக்கழகத்தில் எங்கெல்பெர்ட் கெம்ப்ஃபர் அளித்த ஆய்வேட்டில் மலையாளக் கரையின் ‘பெரிகால்’ நோய் பேசப்படுகிறது என்பது. மூன்றாவது, 1714இல் புதுச்சேரியிலிருந்த பிரஞ்சுச் சமயப்பணியாளர் ஒருவர் ‘எறும்புப் புற்று’ எனப் பொருள்படும் சொல்லால் இந்நோயைச் சுட்டினார் என்பது. ஒரு கட்டுரையிலிருந்து மற்றொன்றுக்கு இச்சான்றுகள் பெயர்ந்துகொண்டே வருகின்றன.

இவை சம எடையுடையன அல்ல. வேதச் சான்றைக் கூறுவோர் பெரும்பாலும் பாடல் எண் சுட்டுவதில்லை. ‘வன்மீகம்’ என்னும் நோய் உறுதியாக இடம்பெறுவது சுசுருத சம்கிதையில், சிறுநோய்களின் வரிசையில். அங்கு அது உள்ளங்கை, உள்ளங்கால், மூட்டு, கழுத்து ஆகிய இடங்களில் புற்றைப்போல் வளர்ந்து, பல வாய்களின் வழியே கசியும் நோயாக விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் மைசிடோமாவுக்குப் பொருந்துகிறது. கழுத்தில் தோன்றும் காசநோய்க் கட்டிகளுக்கும் பொருந்துகிறது. உருவத்தை வைத்துப் பெயரிட்ட மருத்துவ மரபின் சொல்லை, காரணியை வைத்துப் பெயரிடும் இக்கால மருத்துவத்தின் சொல்லோடு ஒன்றுக்கொன்று ஈடாக வைப்பது முறையாகாது.

கெம்ப்ஃபரின் சான்று இன்னும் தளர்வானது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கீழ்த்திசைக்குச் சென்ற அவர் மலையாளக் கரையில் தங்கியவர். அவர் கேட்டெழுதிய ‘பெரிகால்’ என்பது ‘பெருங்கால்’ என்னும் வழக்கே என்பதில் ஐயமில்லை. ஆயின் மலையாளத்தில் ‘பெருக்கால்’ யானைக்காலைக் குறிக்கும் சொல். புண்பட்ட பெருங்காலை அவர் விவரித்தார் என்பதனால் மட்டும் அதனை மதுரைக் காலாகக் கொள்ள இயலாது. யானைக்காலும் முற்றிய நிலையில் புண்படும்.

இவ்வெச்சரிக்கைகளுக்கு அப்பாலும் ‘புற்று’ என்னும் உருவகம் கவனத்துக்குரியது. வடமொழி மருத்துவ நூலாரும் பிரஞ்சுப் பாதிரியாரும் ஒரே உருவத்தைத் தேர்ந்தது தற்செயல் அன்று. கறையான் புற்று வெளியே பல வாய்களும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த வழிகளும் உடையது. மைசிடோமாவின் துளைகளும் உள்ளே இணைந்தவையே. மேலும் புற்று ஒரு குடியிருப்பு. தனி உயிரி கட்டியது அன்று, திரள் கட்டியது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில் அமைந்த இவ்வுருவகம், நுண்ணோக்கி வந்தபின் எழுந்த சில கோட்பாடுகளைக் காட்டிலும் நோயின் அமைப்புக்கு அணுக்கமாக இருந்தது என்று கூறினால் மிகையாகாது. தமிழில் ‘புற்று’ இன்று முழுமையாகப் புற்றுநோய்க்கு உரியதாகிவிட்டமையால், அச்சொல்லின் பழைய பொருட்பரப்பு ஆய்வாளர் பார்வையிலிருந்து மறைந்துள்ளது.

மதுரை மருந்தகப் பதிவு

மதுரைப் பகுதி கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு 1801இல் வந்தது. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் பரவிய கொள்ளைக் காய்ச்சலை ஆராயக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மதுரை நிலம் ‘நோய்நிலம்’ என்னும் கருத்து கம்பெனி மருத்துவரிடையே அப்போதே உருவாகியிருந்தது. 1834 முதல் 1847 வரை ஆட்சியராக இருந்த ஜான் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை மதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இன்றைய வெளிவீதிகள் அவ்வாறு உருவானவை. அக்காலத்து மதுரையில் இயங்கிய மருந்தகத்தின் 1842ஆம் ஆண்டு அறிக்கையில்தான் கில் என்னும் மருத்துவர் இக்கால் நோயைத் தனி நோயாகக் குறித்தார். 1846இல் கோல்புரூக் ‘மதுரா ஃபுட்’ என்னும் பெயரை எழுத்தில் கையாண்டார்.

அதே 1846இல் பெல்லாரியிலிருந்த காட்ஃப்ரே இந்நோயாளிகளைப் பற்றி ‘லான்செட்’ இதழில் எழுதினார். அவர் அதனை முடிச்சுடைய பாதநோய் என்று வகைப்படுத்தினார், ஊர்ப்பெயர் இடவில்லை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும் வரலாற்றில் அதன் விளைவு பெரிது. பெல்லாரியும் மதுரையும் சென்னை மாகாணத்தவையே. இரண்டிலும் கரிசல் உண்டு. இரண்டிலும் நோயாளிகள் இருந்தனர். மருந்தக அறிக்கை ஒன்றில் ஊர்ப்பெயர் நோயோடு ஒட்டிக்கொண்டமையால் மட்டுமே ‘பெல்லாரிக் கால்’ தோன்றாமல் ‘மதுரைக் கால்’ தோன்றிற்று. தில்லிக் கொப்புளம், கொச்சிக் கால், பார்படோஸ் கால் என்று ஆளப்பட்ட ஊர்களின் பெயரால் நோய்களை அழைத்த காலனிய மருத்துவ வழக்கத்தோடு சேர்த்து நோக்கத்தக்கது இது.

மருந்தகத்துக்கு வந்தவர்கள் யார்? நோயின் தன்மையிலிருந்தே ஓரளவு உய்த்துணரலாம். வெறுங்காலில் மண்ணில் உழைத்தோர். வலியில்லாத கட்டியைப் பல ஆண்டு சுமந்தபின், நடக்கவே இயலாத நிலையில் வந்தோர். அவர்களுக்கு மருத்துவர் அளிக்க முடிந்தது ஒன்றே: காலை வெட்டுதல். ஈதர் மயக்கம் பாஸ்டன் நகரில் பொதுவில் காட்டப்பட்டது 1846 அக்டோபரில். கில் அறிக்கை எழுதிய ஆண்டில் மயக்கமருந்தே இல்லை. வெட்டப்பட்ட பாதங்கள் சாராயத்தில் இடப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் ஆய்வாளர்க்கும் சென்றன. பாதங்களை ஆராய்ந்தவர் பெயர்கள் நுண்ணுயிர்ப் பெயர்களிலும் நூற்பட்டியல்களிலும் நிலைத்தன. பாதத்துக்கு உரியவர் பெயர் எங்கும் நிலைக்கவில்லை.

மணிகள் பற்றிய வழக்கு

நோயை மதுரையிலிருந்து உலக மருத்துவத்துக்கு எடுத்துச் சென்றவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். 1858இல் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூலுக்குப் படங்கள் வரைந்தவர் இவரே. அவ்வாண்டே பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். 1855இல் பாலிங்கால் என்பவர் மணிகளை நுண்ணோக்கியில் கண்டு, நோய் ஒட்டுண்ணியால் வருவதாக ஐயுற்றிருந்தார். கார்ட்டர் அவ்வையத்தைக் கோட்பாடாக்கினார். 1860இல் இதனைப் பூஞ்சை நோய் என்று அறிவித்து, அடுத்த ஆண்டில் ‘மைசிடோமா’ என்னும் பெயரையும் அளித்தார். பூஞ்சைக் கட்டி என்பது அப்பெயரின் பொருள். 1874இல் லண்டனில் வெளியான அவரது தனிநூல் கறுப்பு மணி வகை, வெளிர் மணி வகை என்று நோயை இரண்டாகப் பகுத்தது. ஓவியரின் கண் அப்பகுப்பில் தெரிகிறது. மணியின் நிறத்தையும் பரப்பையும் அவர்போல் கூர்ந்து நோக்கியவர் அக்காலத்தில் இல்லை. வெளிர் மணிகளை மீன்சினைக்கும் கறுப்பு மணிகளை வெடிமருந்துத் துகளுக்கும் ஒப்பிடுவது அக்கால நூல்களின் வழக்கமாயிற்று.

காண்பது வேறு, மெய்ப்பிப்பது வேறு. கார்ட்டர் வைத்திருந்த மாதிரி ஒன்றின்மேல் செந்நிறப் பூஞ்சை வளர்ந்தது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பூஞ்சையியலாளர் மைல்ஸ் ஜோசஃப் பெர்க்லி அதனை ஆராய்ந்து ‘கியோனிஃபே கார்ட்டரி’ என்று பெயரிட்டார். கார்ட்டரின் பெயரைத் தாங்கிய அவ்வுயிரியே நோய்க்காரணி என்று சில காலம் நம்பப்பட்டது. பிறகு அது வெளியிலிருந்து வந்து மாதிரியில் படிந்த சாதாரணப் பூஞ்சை என்று தெளிவாயிற்று. நோயாளியின் திசுவில் இருந்த மணிக்கும் சாடியில் வளர்ந்த செம்பூஞ்சைக்கும் தொடர்பில்லை.

இச்சறுக்கலை எதிர்த்தரப்பு பயன்படுத்திக்கொண்டது. கல்கத்தாவிலிருந்த டிமோதி லூயிஸ், டேவிட் டக்ளஸ் கன்னிங்காம் இருவரும் 1875இல் வெளியிட்ட ஆய்வில் கார்ட்டரின் முடிவை மறுத்தனர். திசுச் சிதைவே முதன்மையானது. மணிகளில் காணும் பூஞ்சை பின்னர் வந்து குடியேறியது என்பது அவர்கள் கருத்து. அவர்களை எளிதில் பழிக்கலாகாது. மணியிலிருந்து எடுத்ததை வளர்த்துக் காட்ட எவராலும் இயலாத நிலையில், மணியைக் காரணம் என்று கொள்வதற்கும் விளைவு என்று கொள்வதற்கும் சம வாய்ப்பு இருந்தது. வெளிர் மணியில் பூஞ்சையின் தெளிவான அமைப்பு புலப்படாமை அவர்கள் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. அதில் இருந்தது பூஞ்சை அன்று என்பதே உண்மை. அவ்வுண்மைக்கான வகைப்பாடு அன்று உருவாகவில்லை.

1877இல் கால்நடைகளின் தாடைக்கட்டியில் ஆக்டினோமைசிஸ் என்னும் இழை உயிரி கண்டறியப்பட்டபின் திசை மாறிற்று. 1892 முதல் கான்தாக் மதுரை நோயை அதனோடு ஒப்பிட்டார். 1894இல் பாய்ஸ், சர்வேயர் இருவரும் அரசக் கழகத்தின் ஆய்விதழில் கறுப்பு வகையும் வெளிர் வகையும் வெவ்வேறு உயிரிகளால் வருவன என்னும் முடிவை நோக்கி நகர்ந்தனர். அவ்வாண்டே அல்ஜீரியாவில் வின்சென்ட் என்னும் பிரஞ்சு மருத்துவர் வெளிர் மணியின் உயிரியைத் தனித்து வளர்த்து ‘ஸ்ட்ரெப்டோத்ரிக்ஸ் மதுரே’ என்று பெயரிட்டார். 1842க்கும் 1894க்கும் இடையே 52 ஆண்டுகள். 1913இல் பினுவா பாக்டீரியா வகையையும் பூஞ்சை வகையையும் கோட்பாட்டளவில் பிரித்ததோடு வழக்கு முடிவுற்றது.

இந்நீண்ட கால இடைவெளிக்கு வளர்ப்பு ஊடகங்களின் குறைபாடு ஒரு காரணம். வேறொன்று கருத்து நிலையிலானது. பாஸ்டர், கோக் ஆகியோர் வழி உருவான கிருமிக் கோட்பாடு, ஒற்றை உயிரியைத் தனித்தெடுத்துத் தூய நிலையில் வளர்த்து நோயை மறுபடி உண்டாக்கிக் காட்டுவதை அளவுகோலாகக் கொண்டது. வாந்திபேதிக்கும் காசநோய்க்கும் அவ்வளவுகோல் பெரும் பயன் தந்தது. மதுரைக் காலிலோ உயிரி தனித்து வாழவில்லை; மணியாக வாழ்ந்தது. மணியைச் சிதைத்துத் தனி உயிரியைத் தேடியவர்கள், மணி ஏன் மணியாக அமைந்தது என்னும் வினாவை எழுப்பவில்லை. கார்ட்டரும் அவரை மறுத்தவர்களும் ‘மணிக்குள் என்ன இருக்கிறது’ என்பதைப் பற்றியே வாதிட்டனர். மணி என்னும் அமைப்பு நுண்ணுயிர்க்கு என்ன பயன் தருகிறது என்பது இருதரப்பினர்க்கும் வினாவாகவில்லை.

பெயர்களில் மதுரை

இரு நுண்ணுயிர்ப் பேரினங்கள் இன்று மதுரையின் பெயரைத் தாங்குகின்றன. வின்சென்ட் பெயரிட்ட பாக்டீரியா, நொகார்டியா பேரினத்தில் வைக்கப்பட்டிருந்து, 1970இல் லெசவாலியர் இணையரால் ‘ஆக்டினோமதுரா’ என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதன் முழுப்பெயர் ‘ஆக்டினோமதுரா மதுரே’. மதுரை இருமுறை வருகிறது. கறுப்பு மணியை உண்டாக்கும் பூஞ்சைக்கு 1902இல் லாவரான் அளித்த பெயரை 1905இல் பிரம்ப்ட் மாற்றி ‘மதுரெல்லா’ என்னும் பேரினத்தை ஏற்படுத்தினார். இன்று அது ‘மதுரெல்லா மைசிடோமாட்டிஸ்’ எனப்படுகிறது. ‘மதுரே’ என்பதிலுள்ள ஒலிப்பு, ஊரைத் தமிழர் சொன்ன ஒலிப்பு அன்று. ‘மதுரா’ என்று கம்பெனி எழுதிய வடிவம் இலத்தீனத்தில் உறைந்துவிட்டது. பெயரிடல் நெறிகளின்படி அதனை இனித் திருத்த இயலாது.

மதுரையின் பெயரைத் தாங்கிய முதல் நுண்ணுயிரி வளர்த்தெடுக்கப்பட்டது மதுரை நோயாளியிடமிருந்து அன்று, அல்ஜீரியாவில் என்பது இவ்வரலாற்றின் முரண். நோயோ ஓரூருக்கு உரியதன்று. 2013இல் வெளியான உலகளாவிய மதிப்பாய்வு 8763 நோயாளிகள் பற்றிய பதிவுகளைத் திரட்டியது. மெக்சிகோ, சூடான், இந்தியா ஆகிய மூன்று நாடுகளே முன்னிலையில் இருந்தன. இந்தியாவில் இராஜஸ்தானும் தமிழகமும் மிகுதியும் பேசப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015 மே மாதத்தில் புதிய தொற்றுநோய்களுக்கு ஊர்ப்பெயர் இடலாகாது என்று நெறி வகுத்தது. 2016 மே மாதத்தில் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் இந்நோய் ‘மைசிடோமா’ என்னும் பெயரிலேயே சேர்க்கப்பட்டது. பழிப்பெயர் நீங்கியதை மதுரை வரவேற்கலாம். ஆயின் பெயர் நீங்கிய வேகத்தில் நோயும் நீங்கிவிட்டதாக எண்ணுவதற்கு இடமில்லை.

நோயை இப்பகுதியில் சீமைக் கருவேலத்தோடு இணைத்துப் பேசும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அம்மரம் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவரப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். மதுரை மருந்தகம் நோயைக் குறித்தபோது அது இங்கு இல்லை. அன்று தைத்தவை நாட்டுக் கருவேலும் உடையும் இலந்தையும் நெருஞ்சியும் போன்ற முட்களாகவே இருந்திருக்க வேண்டும். சூடானில் நடந்த ஆய்வுகள் மதுரெல்லாவின் மரபுப்பொருளை மண்ணிலும் முள்ளிலும் கண்டுள்ளன. முள் வாயிலைத் திறக்கிறது. உள்ளே வருவது பெரிதும் மண்ணின் உயிரி.

கடலில் மூழ்கிய கண்ணாடி

மணியைக் குடியிருப்பாகக் காண உதவும் கருத்து மருத்துவமனையில் பிறக்கவில்லை. கப்பலின் அடிப்பாகத்தில் படியும் வழவழப்பைப் பற்றிய கவலையில் பிறந்தது. கடலில் மூழ்கும் எப்பரப்பிலும் சில மணி நேரத்தில் பாக்டீரியாக்கள் ஒட்டுகின்றன. தம்மைச் சுற்றிப் பசைக்கூழைச் சுரக்கின்றன. அதன்மேல் நுண்பாசிகளும் பிறவும் சேர்கின்றன. பின்னர்க் கொட்டலசுகளும் சிப்பிகளும் வந்து அமர்கின்றன. 1935இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கிளாட் சோபெல், ஆலன் இருவரும் கண்ணாடித் தகடுகளைக் கடலில் மூழ்கவைத்து இதன் தொடக்க நிலைகளை ஆராய்ந்தனர். 1943இல் சோபெல் திண்பரப்பு பாக்டீரியாவின் செயற்பாட்டையே மாற்றுகிறது என்று எழுதினார். 1978இல் காஸ்டர்ட்டனும் அவர்தம் குழுவினரும் பாக்டீரியா எவ்வாறு ஒட்டுகிறது என்பதைப் பொதுக் கோட்பாடாக்கினர். 1999இல் அதே காஸ்டர்ட்டன் நாட்பட்ட தொற்றுகளுக்கு உயிர்ப்படலமே பொதுக் காரணம் என்னும் வாதத்தை மருத்துவத்தின்முன் வைத்தார்.

தென் தமிழகக் கடற்கரைக்கு இது அயலான ஆய்வுப்பொருள் அன்று. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆய்வு நிலையம் இயங்கியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் நிலையங்கள் அமைத்துக் கடல்நீரில் உலோகம் அரிப்பதையும் அதில் உயிரிகள் படிவதையும் ஆராய்ந்தது. கல்பாக்கத்தில் 1984 முதல் இயங்கும் அணுமின் நிலையம் குளிர்விப்புக்குக் கடல்நீரைக் கொள்வதால், நீர்வழிகளில் உயிரிகள் படிவது அங்கு அன்றாடச் சிக்கலாகவே இருந்து வந்தது. கப்பலுக்கும் குழாய்க்கும் உரியதாகத் தோன்றிய அறிவு தோலுக்கும் எலும்புக்கும் உரியதாக மாறிய பாதை இதுவே.

அவ்வறிவைக் கொண்டு மதுரைக் காலை மறுபடி நோக்கினால் மணியின் பொருள் மாறுகிறது. இழைகளைப் பிணைக்கும் பசைப்பொருள் வெறும் கழிவு அன்று, அரண். உடலின் வெண்ணணுக்கள் மணியைச் சூழ்ந்து நின்றும் அதனை முற்றாக அழிக்க இயலாமல் போகின்றன. சீழும் துளைகளும் அப்போரின் எச்சங்கள். மதுரெல்லாவின் கறுப்பு நிறத்துக்குக் காரணமான மெலனின், பூஞ்சைக்கொல்லி மருந்தான இட்ராகோனசோலின் ஆற்றலைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கார்ட்டர் நிறத்தை வைத்து வகைப்படுத்தினார். அந்நிறமே மருந்தைத் தடுக்கும் கவசத்தின் ஒரு பகுதி என்பதை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பாக்டீரியா வகை நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பெரும்பாலும் இணங்குகிறது. பூஞ்சை வகையோ பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் மருந்துண்டபின்னும் அறுவையை வேண்டி நிற்கிறது.

எனினும் மணியும் கடற்படலமும் ஒன்றே என்று கூறுவது பிழையாகும். கடற்படலத்தில் பல்வேறு இனங்கள் அடுக்கடுக்காக வாழ்கின்றன. ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகிறது. மைசிடோமா மணி பெரும்பாலும் ஒரே இனத்தின் திரள். படலம் பரப்பில் ஒட்டுகிறது. மணி திசுவுக்குள் பரப்பின்றி உருண்டு நிற்கிறது. மணியின் பசைப்பொருளில் நுண்ணுயிரின் பங்கு எவ்வளவு, நோயாளியின் உடற்பொருளின் பங்கு எவ்வளவு என்பதும் தனித்து ஆராயவேண்டியது. ஒப்புமை இங்கு விளக்கக் கருவி மட்டுமே, மெய்ப்பிப்பு அன்று. கியோனிஃபே கார்ட்டரியின் கதை இவ்வெச்சரிக்கையைக் கற்பிக்கிறது.

மன்னார் வளைகுடாவிலிருந்து

தோல் தொற்றும் கடல் நுண்ணுயிரும் ஒரே ஆய்வுமேசையில் சந்தித்த நிகழ்வு ஒன்று மதுரைக்கு அண்மையிலேயே நடந்தது. தொண்டைப்புண்ணுக்கும் தோல் தொற்றுகளுக்கும் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்னும் பாக்டீரியாவும் படலம் அமைப்பது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழக உயிரித்தொழில்நுட்பத் துறையினர், மன்னார் வளைகுடாப் பவளங்களோடு இணைந்து வாழும் ஆக்டினோமைசீட்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் சுரப்புகள் அப்பாக்டீரியா படலம் அமைப்பதைத் தடுப்பதை 2010இல் வெளியான கட்டுரையில் காட்டினர். பாக்டீரியாவைக் கொல்லாமல் அது குடியேறுவதை மட்டும் தடுப்பது இவ்வகை ஆய்வுகளின் நோக்கு. கொல்லும் மருந்துக்கு எதிர்ப்பாற்றல் விரைந்து வளரும் காலத்தில் இந்நோக்கு முக்கியத்துவம் பெறுகிறது. ஆய்வகத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே உள்ள தொலைவு நீண்டது என்பதையும் இங்குக் குறிக்கவேண்டும்.

ஆக்டினோமைசீட்டுகள் என்னும் இப்பெருங்குழுவைச் சார்ந்ததே ஆக்டினோமதுரா மதுரே. ஸ்ட்ரெப்டோமைசின் உள்ளிட்ட பல நுண்ணுயிர்க்கொல்லிகளை உலகுக்கு அளித்த குழுவும் இதுவே. அதன் ஓர் உறுப்பினம் பாதத்தில் அரண் கட்டுகிறது. பவளத்தில் வாழும் வேறோர் உறுப்பினம் அயலாரின் அரணை எழவிடாமல் தடுக்கிறது. பூஞ்சை என்று கார்ட்டரும், பின்வந்த ஒட்டுயிர் என்று லூயிசும் கன்னிங்காமும் கூறிய வெளிர் மணியின் உயிரி, இக்குழுவின் இயல்பறியாமல் விளங்கிக்கொள்ளத்தக்கதாக இருக்கவில்லை.

பதிவேடுகளின் நிலை

நோயின் அறிவு பதிவேட்டைச் சார்ந்தது என்பதற்கு மதுரைக்கு அப்பாலும் சான்றுண்டு. 1991இல் கார்த்தூமில் அகமது ஹசன் ஃபகால் நிறுவிய மைசிடோமா ஆய்வு மையம் இந்நோய்க்கென்றே இயங்கியது. பூஞ்சை வகைக்கான புதிய மருந்தின் ஒப்பீட்டுச் சோதனை 2017இல் அங்குத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் மூண்ட போரில் அம்மையம் பேரழிவுக்குள்ளாகி, பல பத்தாண்டுகளாகத் திரட்டிய மாதிரிகளையும் பதிவுகளையும் இழந்தது.

மதுரையில் 1842ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிந்திய பதிவுகளைத் தேடும் பணி வரலாற்றுத் துறையினர்க்கும் மருத்துவத் துறையினர்க்கும் பொதுவானது. சென்னை மாகாண மருத்துவ இதழ்கள், மருந்தக ஆண்டறிக்கைகள், 1954இல் தொடங்கப்பட்ட மதுரை மருத்துவக் கல்லூரியின் காலத்து நோய்க்குறியியல் பதிவுகள் ஆகிய மூன்று அடுக்குகளையும் ஊர்ப்பெயர் வாரியாகப் பிரித்து நோக்கவேண்டும். நோயாளிகள் திருப்பரங்குன்றம், நிலையூர் போன்ற நன்செய் ஊர்களிலிருந்து மிகுதியாக வந்தனரா, திருமங்கலம், கள்ளிக்குடி போன்ற கரிசல் ஊர்களிலிருந்தா என்பது தெரிந்தால், கரிசல் மண்ணே இந்நோயின் இருப்பிடம் என்னும் 19ஆம் நூற்றாண்டுக் கருத்தை முதன்முறையாக ஊரளவில் சோதிக்கலாம். செருப்பு உழவர் கால்களுக்கு எப்பத்தாண்டில் வந்தது என்பதையும் அப்பதிவுகளோடு இணைத்து நோக்கவேண்டும். சாதியால் செருப்பணியும் உரிமை மறுக்கப்பட்ட தெருக்கள் இம்மாவட்டத்தில் இருந்தன, அத்தெருக்களில் நடந்த கால்களும் அம்மருந்தகத்துக்கு வந்திருக்கக்கூடும்.